கணக்குப் படிக்கும் பிள்ளையும் காடாகிக் கிடக்கும் தோட்டமும்

மண்கும்பான், அல்லைப்பிட்டி, வேலணை ஆகிய ஊர்களிலிருந்து இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களோடு கதைக்கும்போது, "பிள்ளை என்ன படிக்கிறார்?" என்று நாம் கேட்பது வழக்கம். "கொமேர்ஸ்தான் செய்கிறார்" என்று பதில் வரும். அந்தத் 'தான்' என்பதைக் கவனிக்க வேண்டும். டொக்டருக்கும் எஞ்சினியருக்கும் படிக்க முடியாமற்போன பிள்ளை எடுத்துக்கொண்ட மிச்சப் படிப்பு என்ற மனக்குறை அதற்குள் இருக்கிறது. அதே வீட்டில் தகப்பனார் இன்னொரு குறையையும் சொல்லுவார்: "காணி கிடக்குது, செய்யத்தான் ஆளில்லை." இவ்விரண்டு குறைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது எமது எண்ணம்.

வணிகம் தீவக மக்களுக்குப் புதிய தொழில் அல்ல. எமது ஊர்கள் பல தலைமுறையாக இரண்டு காலில் நின்றவை. ஒரு கால் தோட்டம்: புகையிலை, வெங்காயம், மிளகாய், அவற்றுக்கு ஆதரவாகப் பனையும் மாடும். மற்றக் கால் தென்னிலங்கையிலிருந்த கடை. புங்குடுதீவாரும் வேலணையாரும் காரைநகராரும் கொழும்பிலும் மற்ற நகரங்களிலும் வைத்திருந்த சாப்பாட்டுக் கடைகளும் பலசரக்குக் கடைகளும் எல்லோரும் அறிந்தவை. பதினான்கு பதினைந்து வயதில் ஒரு பையன் மாமனுடனோ ஊராருடனோ ரயில் ஏறிப் போவான். முதலில் கூட்டித் துடைப்பான். பிறகு சரை கட்டுவான், நிறுப்பான். நம்பிக்கை பிறந்த பிறகுதான் காசு லாச்சிப் பக்கம் விடுவார்கள். கடைசியாகக் கொப்பி கைக்கு வரும்: யாருக்குக் கடன், எவரிடம் சரக்கு எடுப்பது, எந்த மாதம் எது விலை ஏறும். அது ஐந்தாறு வருடப் படிப்பு. சான்றிதழ் கிடையாது. பரீட்சை ஒவ்வொரு நாளும் இரவில் லாச்சியை எண்ணும்போது நடந்தது.

1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளில் கடைகள் எரிந்தன. 1983 ஜூலைக்குப் பிறகு பலர் திரும்பிப் போகவேயில்லை. மிஞ்சியது தோட்டம். 1990 ஆகஸ்டில் இராணுவம் தீவகத்தில் இறங்கியதிலிருந்து 1991 முடிவதற்குள் தோட்டத்தையும் விட்டுவிட்டுப் பண்ணைப் பக்கம் நடந்தோம். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தையும் விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தோம். அங்கிருந்து வன்னிக்குப் போனவர்கள் எத்தனை தடவை கொட்டில் போட்டார்கள் என்பதை அவர்களே எண்ணிச் சொல்ல வேண்டும். எட்டு வருடங்களுக்குள் இரண்டு காலும் போன ஒரு சமூகத்தின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே இன்று வர்த்தகப் பிரிவில் இருந்து பேரேடு எழுதுகிறார்கள். மிச்சப் படிப்பு என்று இதைச் சொல்வது சரியல்ல. எரிந்த கடையின் கொப்பி வகுப்பறை வழியாகத் திரும்பி வருகிறது என்றே நாம் காண்கிறோம்.

மேலை நாடுகளில் முப்பது வயதுக்காரர் ஒருவர் தம் உத்தியோகத்தில் சலிப்புற்று, வேலையை விட்டு, கடன் எடுத்து வணிகக் கல்லூரியில் சேர்ந்து படிப்பதுண்டு. அதைத் தொழில் மாற்றம் என்கிறார்கள். விரும்பி மாறுவது அது. எமது வீடுகளில் தொழில் மாற்றம் ஓர் இரவில், உடுத்த துணியோடு நடந்தது. மண்வெட்டி பிடித்தவர் கூலிக்குக் கல் உடைத்தார்; பெண்கள் தையலும் இடியப்பமும் பார்த்தார்கள். அப்போது எவரும் எமக்குப் பாடத்திட்டம் தரவில்லை. படிக்கிற பிள்ளைகள் இந்த வித்தியாசத்தை அறிந்திருப்பது நல்லது. தம் வீட்டில் ஏற்கெனவே தொழில் மாறியவர்கள் இருக்கிறார்கள் என்பதையும், அவர்களிடம் கேட்க நிறைய உண்டு என்பதையும் அறிவார்கள்.

இன்று பிள்ளைக்கு வழிகள் பல. க.பொ.த. உயர்தரத்தில் கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல். அதன் பின் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவ, வணிக பீடம். 1997இல் வளாகமாகி 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவில் வியாபாரக் கற்கைகள் பீடம். இடம் கிடைக்காதவர்க்கு யாழ்ப்பாணத்து உயர் தொழினுட்பவியல் நிறுவனத்தில் கணக்கீட்டு உயர் தேசிய டிப்ளோமா. வேலை செய்துகொண்டே படிக்க ஏ.ஏ.ரி., பட்டயக் கணக்காளர் போன்ற பரீட்சைகள். வழி இல்லை என்று சொல்ல முடியாது.

ஆனால் வழியில் முள் உண்டு. முதலாவது முள் மொழி. பற்று, வரவு, பெறுமானத்தேய்வு, பரீட்சை மீதி என்று தமிழில் இரண்டு வருடம் நன்றாகப் படித்த பிள்ளை, பல்கலைக்கழகம் போனதும் அதே பாடத்தை ஆங்கிலத்தில் சந்திக்கிறது. தெரிந்த கணக்கே தெரியாததுபோல் ஆகிவிடுகிறது. முதல் அரையாண்டில் விரிவுரை முடிந்து வந்து அழுத பிள்ளைகளை நாம் அறிவோம். கொழும்பிலும் கண்டியிலும் படித்த பிள்ளை கை உயர்த்திக் கேள்வி கேட்கும். தீவகத்துப் பிள்ளை விடை தெரிந்தும் தலை குனிந்திருக்கும். இவர்கள் ஒன்றை அறிந்தால் ஆறுதல் கிடைக்கலாம். இரட்டைப் பதிவு முறையை முதன்முதலில் அச்சில் விளக்கியவர் லூக்கா பச்சியோலி என்னும் பிரான்சிஸ்கன் சபைத் துறவி. ஆண்டு 1494, இடம் வெனிஸ் நகரம். அம்முறையை அவர் கண்டுபிடிக்கவில்லை. வெனிஸ் கடைக்காரர் பழக்கத்தில் வைத்திருந்ததை ஒழுங்காக எழுதினார். அதுவும் கற்றோரின் இலத்தீனில் எழுதாமல் ஊரார் பேசிய மொழியில் எழுதினார். கடை முந்தியது, புத்தகம் பிந்தியது. ஆங்கிலம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதைப் படித்தே ஆக வேண்டும். ஆனால் கணக்கு எவருடைய மொழிக்கும் சொந்தமல்ல.

இரண்டாவது முள் இதைவிட ஆழமானது. பாடத்தில் வரும் உதாரணங்கள் எல்லாம் வரையறுத்த கம்பனிகள். பங்குதாரர், பணிப்பாளர் சபை, பத்து மில்லியன் ரூபா இயந்திரம். பிள்ளை அதை மனனம் செய்து பரீட்சையில் எழுதிவிடும். தன் வீட்டு நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் பெறுமானத்தேய்வு உண்டு என்று அதற்குத் தோன்றாது. அறுபதாயிரம் ரூபாவுக்கு வாங்கி ஆறு வருடம் ஓடும் இயந்திரம் வருடத்துக்குப் பத்தாயிரம் ரூபாவைத் தின்கிறது. அந்தப் பத்தாயிரத்தைத் தகப்பனார் ஒருபோதும் எண்ணியதில்லை. தாயும் தகப்பனும் விடியற்காலை தொடக்கம் நின்ற கூலியையும் எண்ணியதில்லை. பொருளியல் புத்தகத்தில் அமையச் செலவு என்று ஒரு சொல் வருகிறது: ஒன்றைச் செய்வதற்காகக் கைவிட்ட மற்றதன் பெறுமதி. அந்தச் சொல்லுக்கு இலக்கணமாகப் பெற்றோரே வீட்டில் இருக்கிறார்கள். பிள்ளையோ அதைப் பாண் கடையையும் பட்டர் தொழிற்சாலையையும் வைத்துப் படிக்கிறது.

கணக்கீடு படித்த மாணவி ஒருவர் கேட்ட கேள்வி எங்களோடு நிற்கிறது. "உறுதி எங்களிடம் இருக்கிறது. காணிக்குள் எத்தனையோ வருடம் போக முடியவில்லை. அந்த வருடங்களில் அதை ஐந்தொகையில் எங்கே போடுவது?" என்று கேட்டார். (ஐந்தொகையை இப்போது நிதிநிலைமைக் கூற்று என்கிறார்கள்.) நகைச்சுவையாகக் கேட்டதல்ல. நியமங்களின்படி சொத்து என்பது கடந்தகால நிகழ்வொன்றின் விளைவாக ஒருவரின் கட்டுப்பாட்டில் உள்ள வளம். கட்டுப்பாடு இல்லையென்றால் சொத்து என்று காட்டுவது கடினம். பலாலியைச் சுற்றி 1990இல் காணி பறிபோய், பிறகு பகுதி பகுதியாகவே திரும்பப் பெற்ற வலிகாமம் வடக்கு மக்களின் முழு வழக்கும் இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. உரிமை வேறு, கட்டுப்பாடு வேறு. புத்தகத்தில் இரண்டு பக்கமாக வரும் விடயத்தை எமது பிள்ளைகள் பிறந்த நாள் முதல் அறிவார்கள். இப்படிக் கேட்கும் பிள்ளைக்குப் புள்ளி கொடுக்கும் ஒப்படைகள் வேண்டும்.

மண்கும்பானில் இன்னொரு கணக்கும் உண்டு. எமது ஊரின் வெள்ளை மணல் வெறும் மணல் அல்ல. மழைநீர் அதனூடாக இறங்கி, கீழுள்ள உவர்நீருக்கு மேலே நல்ல நீராக மிதந்து நிற்கிறது. நாம் இல்லாத காலத்திலும் வந்த பின்பும் அந்த மணல் லோட் லோட்டாக அள்ளப்பட்டது. விற்றவர் வரவு எழுதியிருப்பார். உவர்த்த கிணற்றை எவர் பற்று எழுதுவது? முகாமைத்துவம் படிக்கும் மாணவர் ஒருவர் இதைத் தம் இறுதி வருட ஆய்வாக எடுத்தால், ஒரு லோட் மணலின் விலையையும் ஒரு கிணறு தரும் வெங்காயத்தின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பிரதேச சபைக்குக் கொண்டுபோகக் கூடிய பத்திரம் அதுவாகும்.

இனிப் பெற்றோரிடம் ஒரு வார்த்தை. பிள்ளைக்கு ரியூசன் காசு கட்டுகிறோம், சைக்கிள் வாங்கிக் கொடுக்கிறோம். வீட்டுக் கடன் எவ்வளவு என்று மட்டும் சொல்ல மாட்டோம். பிள்ளை கேட்டால், "உனக்கேன் உந்தக் கதை, நீ படி" என்போம். பாசத்தினால் சொல்வதுதான். ஆனால் அந்த ஒரு வசனத்தால், கணக்குப் படிக்கிற பிள்ளை தன் வாழ்க்கையில் பார்க்கக்கூடிய மிக முக்கியமான கணக்கை நாமே மறைத்துவிடுகிறோம்.

சந்தையை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணச் சந்தைகளில் மரக்கறி கொண்டுபோகும் விவசாயியிடம் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ 'கழிவு' என்று வெட்டுவதைப் பற்றி எமது மக்கள் நெடுங்காலமாக முறையிட்டு வருகிறார்கள். வழக்கம் என்று விட்டுவிடுகிறோம். ஒரு போகத்தில் ஆயிரம் கிலோ வெங்காயம் கொடுத்தவர் நூறு கிலோவை இலவசமாகக் கொடுத்திருக்கிறார். கிலோ 200 ரூபா என்று வைத்தால் 20,000 ரூபா. இதைப் பிள்ளை கொப்பியில் எழுதி மேசையில் வைக்கும்வரை அது எமக்கு இழப்பாகத் தெரிவதில்லை. ஒருவர் தனியே கேட்டால் வியாபாரி சிரிப்பார். முப்பது குடும்பத்தின் ஒரு போகக் கணக்கைச் சேர்த்து வைத்துக் கேட்டால் சிரிப்பு வருமா என்று பார்க்கலாம்.

கடனை எடுத்துக்கொள்வோம். 2009க்குப் பின் வீட்டுக்கு வீடு வந்த நுண்கடன்களால் எமது பெண்கள் பட்ட பாடு தெரிந்ததே. வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களுக்கு 2018இல் அரசாங்கமே நிவாரணம் அறிவிக்கும் அளவுக்கு நிலைமை போனது. கடன் கொடுக்க வருபவர், "ஓர் இலட்சம் தருகிறோம், வட்டி இருபது வீதம், மாதம் பத்தாயிரமாகப் பன்னிரண்டு மாதம்" என்பார். கேட்க எளிது. ஆனால் முதல் மாதமே பத்தாயிரம் திரும்பிப் போகிறது. மாதாமாதம் முதல் குறைந்துகொண்டே வர, வட்டி மட்டும் முழு இலட்சத்துக்கும் போட்டபடி நிற்கிறது. ஒழுங்காகக் கணக்கிட்டால் அந்த வட்டி இருபது வீதமல்ல, முப்பத்தைந்து வீதத்துக்குக் கிட்ட வருகிறது. இரண்டாம் வருட மாணவர் எவருக்கும் இக்கணக்கு அரை மணித்தியால வேலை. தாய் கையொப்பம் வைக்குமுன் அந்த அரை மணித்தியாலம் ஏன் கிடைக்கவில்லை? மகளிடம் காட்ட வெட்கம். அவ்வளவுதான்.

இதிலே கசப்பான பகுதி ஒன்றுண்டு. வர்த்தகம் படித்து வெளிவரும் எமது பிள்ளைகள் பலருக்கு முதலில் கிடைக்கும் உத்தியோகம் இத்தகைய கடன் நிறுவனங்களில், மோட்டார் சைக்கிளில் கிராமம் கிராமமாகப் போய்த் தவணை அறவிடுவது. கழுத்துப்பட்டி கட்டிய வேலை என்று வீட்டில் சந்தோஷம். ஆனால் அந்தப் பிள்ளை போய் நிற்கும் படலை தன் தாயைப் போன்ற ஒருவரின் படலை. மாத முடிவில் இலக்கு நிறைவேறாவிட்டால் மேலாளர் ஏசுவார். நிறைவேறினால் ஒரு தாய் காதுத் தோட்டை ஈடு வைத்திருப்பார். இவ்வேலையைச் செய்யாதே என்று எவரும் அவருக்குச் சொல்ல முடியாது. வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். செய்பவரைக் குறை சொல்வதும் நியாயமல்ல. ஆயினும் இந்தப் படிப்புக்கு இதுவன்றி வேறு பயன் இல்லையா என்று கேட்க எமக்கு உரிமை உண்டு.

வேறு பயன் இருந்த இடம் ஒன்றைச் சொல்லலாம். வர்கீஸ் குரியன் என்பவர் கோழிக்கோட்டில் பிறந்தவர். சென்னை கிண்டியில் பொறியியல் படித்து அமெரிக்காவில் மேற்படிப்பு முடித்தவர். அரசாங்கப் புலமைப்பரிசிலுக்கு ஈடாகச் சேவை செய்ய வேண்டியிருந்ததால், 1949இல் குஜராத்திலுள்ள ஆனந்த் என்ற சிறு பட்டினத்துப் பால் நிலையத்துக்கு அனுப்பப்பட்டார். விரும்பிப் போனவரல்ல, காலம் முடிந்ததும் ஓடிவிடவே நினைத்திருந்தார். இதுவும் ஒரு தொழில் மாற்றந்தான். அங்கே கெய்ரா மாவட்ட விவசாயிகள், தரகருக்குப் பால் கொடுத்து ஏமாந்து சலித்து, 1946இல் தமக்கென ஒரு கூட்டுறவு ஒன்றியம் அமைத்திருந்தார்கள். குரியன் அவர்களோடு நின்றுவிட்டார். அதுவே அமுல் ஆகியது. எமக்கு முக்கியமானது அதன் பிறகு நடந்தது. கம்பனிகளுக்கு ஆள் தயாரிக்கும் முகாமைத்துவக் கல்லூரிகள் விவசாயிகளின் சங்கங்களுக்கு ஆள் தருவதில்லை என்று கண்டு, 1979இல் ஆனந்திலேயே ஒரு கிராமிய முகாமைத்துவ நிறுவனம் தொடங்கினார். அங்கே படிக்கும் மாணவர் வகுப்பறையில் மட்டும் இருக்க முடியாது. கிராமத்தில் வாரக்கணக்காகத் தங்கி, அங்குள்ள குடும்பங்களின் பிழைப்பைக் கற்பது படிப்பின் ஒரு பகுதி. பட்டம் பெற்றவர் எல்லோரும் கிராமத்தில் நின்றார்கள் என்று நாம் சொல்லவில்லை; பெரிய சம்பளத்துக்குப் போனவர்களும் உண்டு. ஆனால் பாலூற்றும் பெண்ணின் கணக்கும் பாடம்தான் என்பதை ஒரு கல்லூரி ஏற்றுக்கொண்டது.

எமது மண்ணிலும் இதற்கு முன்னோர் இருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் வீரசிங்கம் மண்டபத்தில் கூட்டம் பார்க்கப் போனவர்கள் ஏராளம். அது எவருடைய பெயர் என்று கேட்டால் இளையோர் விழிப்பார்கள். மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராயிருந்து, வடக்கின் கூட்டுறவு இயக்கத்தை வழிநடத்திய வீ. வீரசிங்கம் அவர்களின் பெயர் அது. வாத்தியார் ஒருவர் சங்கக் கணக்குக்குள் இறங்கினார். எமது பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களும், பனை தென்னை வளச் சங்கங்களும், மாதர் சங்கங்களும் தளர்ந்தால், அதற்குப் பகை மட்டும் காரணமாயிராது. கணக்கு எழுத ஆளில்லாமல், பொருளாளரின் நினைவில் மட்டும் காசேடு இருக்கும்போது சந்தேகம் நுழைகிறது. பிறகு அங்கத்தவர் ஒவ்வொருவராக விலகுகிறார்கள். ஒரு கணக்கீட்டு மாணவர் மாதம் ஒரு சனிக்கிழமை வந்திருந்தால் நின்றிருக்கக்கூடிய சங்கங்கள் உண்டு.

இதைச் சொன்னால் பெற்றோர் சிலர், "படிச்சவன் திரும்பி வந்து மண்வெட்டி பிடிப்பானோ?" என்று கேட்பார்கள். பிடிக்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. கொழும்புக்கோ கனடாவுக்கோ போகும் பிள்ளை ஊருக்குத் துரோகி என்ற பேச்சும் எமக்குப் பிடிக்காது. அந்தப் பிள்ளை அனுப்பிய காசில்தான் பல கூரைகள் நிற்கின்றன. முப்பது வருடம் பற்றை பிடித்த காணியைத் திருத்துவது இலேசான காரியமுமல்ல. துப்புரவாக்க எவ்வளவு, கிணறு இறைக்க எவ்வளவு, வேலிக்கு எவ்வளவு, முதல் விளைச்சல் வரும்வரை சாப்பாட்டுக்கு எவ்வளவு என்று எழுதிப் பார்த்த பிறகு, நாலு பரப்பில் வெங்காயம் வைப்பதைவிட மாடு கட்டுவது மேல் என்று தெரியலாம். குத்தகைக்கு விடுவது மேல் என்றும் தெரியலாம். இப்போதைக்கு வேண்டாம் என்றே கணக்குச் சொன்னால் அதையும் கேட்க வேண்டும். பாசத்தால் மட்டும் திரும்பிப் போய்க் கடனாளியாக வந்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். பயத்தால் மட்டும் விட்டுவிட்டு, பிறகு பக்கத்துக் காணிக்காரர் நல்ல விளைச்சல் எடுப்பதைக் கண்டு மனம் வெந்தவர்களையும் பார்த்திருக்கிறோம்.

விரிவுரையாளர்களிடமும் ஆசிரியர்களிடமும் எமது வேண்டுகோள் சிறியது. ஒரு தவணையில் ஒரு ஒப்படையாவது மாணவரின் சொந்தக் குடும்பத்தின் அல்லது ஊர்ச் சங்கத்தின் கணக்காக இருக்கட்டும். பெயரை மறைத்து எழுதலாம். குடும்பத்தின் மானம் கெட வேண்டியதில்லை. விவசாயத்துக்கெனவே தனி நியமம் ஒன்று, இலக்கம் 41, இலங்கைக் கணக்கீட்டில் இருக்கிறது. கன்று வளர்ந்து பெறுமதி கூடுவதையும் வருமானமாகக் காட்டும் நியமம் அது. எமது தாய்மார், பசுக்கன்று பிறந்த அன்றே அதை மகளின் சீதனக் கணக்கில் போட்டுவிடுவதைப் பார்க்கும்போது, அவர்கள் அந்த நியமத்துக்கு முந்தியவர்கள் என்று தோன்றுகிறது.

கார்த்திகை மழை விட்டதும் புகையிலைக் கன்றும் வெங்காயமும் நடும் காலம் வருகிறது. நிற்கும் இடம் சொந்தக் காணியோ குத்தகைக் காணியோ, ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, இடப்பக்கம் வந்தது, வலப்பக்கம் போனது என்று பிள்ளையைக் கொண்டே கோடு போடுவியுங்கள். விதை, எரு, மண்ணெண்ணெய், மருந்து, கூலி, சந்தையில் வெட்டிய கழிவு, சங்கக்கடைக் கடன், ஈடு வைத்த நகையின் வட்டி எல்லாம் ஏறட்டும். உங்கள் இருவரின் உழைப்பையும் நாட்கூலியாக எழுதும்படி பிள்ளை சொல்லும். சிரிக்காமல் எழுத விடுங்கள்.